படகு மாமா வரவில்லை

என் நாத்தனார் அதிதி பாங்கில் வேலை பார்க்கிறாள் என்று என் மாமியார் லோகாம்பாள் கொச்சி மட்டாஞ்சேரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். கோவிலில் சொல்வார், காய்கறிக் கடையில் சொல்வார், ஜாதகம் கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு தடவை சொல்வார். அவர் மேல் குற்றமில்லை. பாங்குகளுக்கு ஆப் செய்கிற கம்பெனியில் டெஸ்டிங் வேலை என்று அதிதியே வீட்டில் சொல்லியிருந்தாள். அது பொய். உண்மையைச் சொல்ல மாட்டேன் என்று அவள் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

உண்மையில் அவளுடைய வேலை, சுவரில் முட்டுவது. காக்கநாட்டில் ஏசி அறையில் உட்கார்ந்து, இன்னும் வெளிவராத ஒரு வீடியோ கேமுக்குள் ஓர் உருவத்தை நடத்திக்கொண்டு போய், ஒவ்வொரு சுவரிலும் ஒவ்வொரு பாறையிலும் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மோதிப் பார்க்க வேண்டும். உருவம் சுவரைத் துளைத்துக்கொண்டு போனாலோ, தரைக்குள் புதைந்தாலோ, அது குறை. எழுதிப் போட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதுதான். அவளுக்காவது முட்டுவதற்குச் சம்பளம் உண்டு. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து சும்மாவே முட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த கேமின் உண்மையான பெயரைச் சொல்ல மாட்டேன். ‘ஓஸ்ட்ரா’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிக்கிற சாமர்த்தியசாலிகள் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள். நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம்.

ஓஸ்ட்ரா நாலு பாகம் வந்திருக்கிறது. தீவு தீவாக மருந்து கொண்டுபோகும் ஒருத்தியின் கதை. அடிதடி குறைவு, நடை அதிகம். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போக வேண்டுமென்றால் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், தொங்கும் மணியை அடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தாடி வைத்த ஒரு படகுக்காரர் துடுப்புப் போட்டுக்கொண்டு வருவார். ஏறி உட்கார்ந்தால் அக்கரை போய்ச் சேரப் பத்து நிமிஷம் ஆகும். நிஜமான பத்து நிமிஷம். அந்த நேரத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. தண்ணீர் தெரியும், வானம் தெரியும், துடுப்புச் சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

மட்டாஞ்சேரிக்காரர்களுக்குப் படகுக்குக் காத்திருப்பது புதிதா என்ன? இடையில் படகே இல்லாமல் கிடந்த வருஷங்களும் உண்டு. காசு கொடுத்து அந்தக் காத்திருப்பை டிவியில் வேறு வாங்கி வைத்திருக்கிறார்களே என்று புதுப்பெண்ணாக வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பாலக்காட்டுக்காரி. முதல் சனிக்கிழமை மாடி அறைக்குள் போனால், டிவியில் ஒரு படகு போய்க்கொண்டிருக்கிறது, கன்ட்ரோலர் மேசை மேல் கிடக்கிறது, அண்ணனும் தங்கையும் காப்பி குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள். டிவி ஹாங் ஆகிவிட்டது என்று நினைத்து நான் ஸ்விட்சை அணைத்துவிட்டேன். கல்யாணமாகி என் கணவர் ஷங்கர் என்னை முதல்முதலாக முறைத்தது அன்றைக்குத்தான்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது முதல் பாகம் வந்தது. கன்ட்ரோலர் ஒன்றே ஒன்று. இரண்டு பேருக்கும் தினமும் அடிதடி. அப்பா சிவசங்கரன் ஒரு தீர்ப்புச் சொன்னார். படகு ஏறினதும் கன்ட்ரோலரை மேசை மேல் வைத்துவிட வேண்டும். அக்கரையில் இறங்கும்போது மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்குமா? பேச ஆரம்பித்தார்கள். ‘படகில் பொய் கூடாது’ என்று இன்னொரு சட்டத்தை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். பள்ளியில் ஃபெயில் ஆனதை அதிதி சொன்னது படகில். என்னைப் பிடித்திருக்கிறது என்று ஷங்கர் முதலில் சொன்னது என்னிடம் இல்லை, தங்கையிடம், படகில். அப்பாவுக்கு வந்திருப்பது சாதாரண வயிற்றுவலி இல்லை என்பதை டாக்டரிடமிருந்து கேட்டுக்கொண்டு வந்து அவர் தங்கைக்குச் சொன்னதும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

ஷங்கர் கரையில் பேசுகிற ஆள் இல்லை. பஜார் ரோட்டில் சுக்கு, மஞ்சள் மொத்த வியாபாரம். நாள் பூராவும் விலை பேசிப் பேசி, வீட்டுக்கு வரும்போது வாயில் வார்த்தை மிஞ்சாது. சனிக்கிழமை சாயங்காலம் படகு ஏறினால்தான் மனுஷர் மனம் திறப்பார். என்னிடம் சொல்ல வேண்டியதைக்கூட நான் அந்த அறையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்கிறேன். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அந்தப் பத்து நிமிஷமும் இல்லையென்றால் இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

போன வருஷம் ஐந்தாம் பாகத்தின் ட்ரெய்லர் வந்தது. பிடித்தது சனி. பழைய ஆட்கள் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். புதியவர்கள், “இந்த முறை எல்லோருக்கும் பிடிக்கும்படி செய்திருக்கிறோம்” என்று அறிவித்தார்கள். 

“அவா எப்போ எல்லாருக்கும்னு சொன்னாளோ, அப்போவே போச்சு,” என்றார் ஷங்கர்.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற ரோஹன் இருக்கிறான். ஷங்கரின் அத்தை மகன், அடுத்த தெரு. ஓஸ்ட்ராவுக்கென்றே மலையாளத்தில் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறான். “நமஸ்காரம் கூட்டுகாரே” என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் மூச்சு விட மாட்டான். ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்து, ஜெட்டியில் கயிறு இருக்கிறது, மணி இருக்கிறது, படகு எங்கேயும் இல்லை என்று கண்டுபிடித்தது அவன்தான். அந்த வீடியோவை வளைகுடாவிலிருந்தெல்லாம் பார்த்தார்கள். ‘படகு இருக்குமா, இருக்காதா’ என்று ஆயிரக்கணக்கான பேர் கீழே எழுதித் தள்ளினார்கள். என் கணவர் ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார். எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோதுகூட அந்த முகம் அவ்வளவு வாடினதில்லை.

இந்த அமளிக்கு நடுவில்தான் ஒருநாள் அதிதி கோழிக்கோட்டு அல்வாவோடு வந்தாள். ஆபீஸில் புது டீமில் போட்டிருக்கிறார்கள் என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, முகம் மட்டும் தீபம் மாதிரி இருந்தது. எல்லோரும் அல்வா சாப்பிட்டோம். அன்றைக்குக் காலையில் அவளை ஒரு பூட்டிய அறையில் உட்கார வைத்து, ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைப் போட்டார்கள். திரையில் ஓஸ்ட்ராவின் ஜெட்டி. பன்னிரண்டு வயதிலிருந்து பார்த்த அதே மரப்படிகள். அழுதுவிட்டாளாம். உலகத்தில் யாரும் பார்க்காததை நம் வீட்டுப் பெண் பார்த்தாள். வீட்டுக்கு வந்து பாங்க் ஆப் என்றாள்.

முதல் சில நாட்கள் அவளுக்குச் சுவர்கள்தான் கொடுத்தார்கள். பிறகு ஜெட்டியைக் கொடுத்தார்கள். போய் மணியை அடித்தாள். யாரும் வரவில்லை. திரை ஒரு நொடி வெள்ளையானது. அடுத்த நொடி அக்கரையில் நின்றாள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை என்பது. சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று சொல்ல ஆரம்பித்தாள். வந்தாலும் படகு கிளம்புகிற நேரம் பார்த்துக் கீழே தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். ஏதோ பையன் விவகாரம் என்று முடிவு செய்தேன். பிற ஜாதிப் பையனாக இருந்தால் மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று வசனம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்டும் பார்த்தேன்.

“ஆரானும் உண்டாடீ?”

“ஒருத்தர் வருவார்னு நெனச்சேன், மன்னி. வரல்லை,” என்றாள். எவனோ ஏமாற்றிவிட்டான் என்று அவன் குலத்தையே மனதுக்குள் திட்டினேன். அவள் சொன்னது தாடிக்காரப் படகுக்காரரை. வீட்டில் அவருக்குப் படகு மாமா என்று பெயர்.

புதிய பாகம் வருவதற்கு முன்னால் பழைய பாகங்களை முதலிலிருந்து ஆடி முடிக்க வேண்டும் என்பது இந்த வீட்டு வழக்கம், கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோவிலைக் கழுவுகிற மாதிரி. மூன்று பாகம் முடிந்து நாலாவது ஓடிக்கொண்டிருந்தது. ஆடி மாதத்து மழை. நான் காப்பியும் நேந்திரங்காய் வறுத்த உப்பேரியும் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். ஷங்கர், ரோஹன், அதிதி. கீழே மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிதியின் முறை. ஊருக்குள்ளிருந்து ஜெட்டிக்கு நேர் வழிதான். அதிதி நேராகப் போகவில்லை. கிடங்குச் சுவரை ஒட்டி உரசிக்கொண்டே போனாள். மூலை வந்ததும் மூலைக்குள் முட்டினாள். ஓர் அடி பின்வாங்கித் திரும்ப முட்டினாள். குனிந்து முட்டினாள். அடுத்த சுவர். அங்கேயும் அப்படியே. அவள் கண் திரையில் இல்லை. ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

“எந்தாடீ இது, சொவருக்குச் சந்தனம் பூசறாயா?” என்று ரோஹன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. உப்பேரியைக் கையில் பிடித்தபடியே திரையைப் பார்த்தான். “ஷங்கரண்ணா, இது டெஸ்டர்மார் நடக்கற நடையாக்கும். நான் வீடியோலே பாத்திருக்கேன். இப்படித்தான் மூலை மூலையா முட்டுவா.”

“அவ டெஸ்டர்தானேடா,” என்றேன் நான்.

“மன்னி, பாங்க் ஆப்புலே ஏது சொவர்?”

அதிதியின் கை நின்றது. தவளைதான் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயைப் பூட்டி வைத்துவிட்டுக் கையால் கெட்டாள். ஷங்கர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அல்வா, ஓவர்டைம், தண்ணீர் குடிக்கப் போனது, எல்லாவற்றையும் அவர் வரிசையாகக் கூட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கணக்கு டீச்சர் நான். எனக்கு முன்னால் அவர் கூட்டி முடித்துவிட்டார்.

அதிதி உருவத்தை ஜெட்டிக்குக் கொண்டுபோனாள். மணியை அடித்தாள். படகு மாமா மெதுவாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். ஏறினாள். வழக்கப்படி கன்ட்ரோலரை மேசை மேல் வைத்தாள். வைத்த பிறகுதான் எங்கே மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்கு உறைத்தது போலிருக்கிறது. எழுந்திருக்கப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். கரையில் பேசினால் கையெழுத்து மீறல். படகில் பேசாமலிருந்தால் வீட்டுச் சட்டம் மீறல். இருதலைக் கொள்ளி எறும்பாக அந்தப் பெண் சோபாவின் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அதிதி, சத்யம் சொல்லு. படகு உண்டா?” என்றான் ரோஹன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ட்ரெய்லர் வந்த நாளிலிருந்து அதைத் தவிர வேறொன்றை அவன் நினைத்ததில்லை.

“கேக்காதே,” என்றார் ஷங்கர்.

“அண்ணா, ஒரே ஒரு வார்த்தை...”

“கேக்காதேன்னேன். அவ வேலை போயிடும். கம்பெனிக்காரா கேஸ் போடுவா. ஃபோனை எடுத்து மேசை மேலே வை.”

ரோஹன் வைத்தான். வெளியே மழை, திரையில் தண்ணீர். பாதி வழி போயிருக்கும். யாரும் காப்பியைத் தொடவில்லை. இந்தப் பத்து நிமிஷம் சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று நான் அன்றைக்கு முதல்முதலாக நினைத்தேன்.

அப்போது ஷங்கர் கேட்டார். படகைப் பற்றி இல்லை.

“நீ அவாகிட்டச் சொன்னாயா?”

அதிதி அண்ணாவைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவள் பக்கத்தைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். உதடு கோணியது.

“நாலு தடவை சொல்லிட்டேன், அண்ணா.”

அவ்வளவுதான். படகு இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அறையில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ரோஹன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஷங்கர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

படகு அக்கரையில் முட்டி நின்றது. அடுத்தது ஷங்கரின் முறை. கன்ட்ரோலரை எடுத்தவர் ஊருக்குள் போகவில்லை. நின்ற இடத்திலேயே திரும்பி மணியை அடித்தார்.

“அண்ணா, கதை அந்தப் பக்கம்னா இருக்கு?” என்றான் ரோஹன்.

“கதைக்கு என்ன அவசரம்,” என்றார். படகு மாமா துடுப்பைப் போட்டார். கன்ட்ரோலர் மேசைக்கு வந்தது. “இப்போ சொல்லுடீ. எல்லாம் சொல்லு.”

சொன்னாள். ஒரு தரம் வாயைத் திறந்த பிறகு மூடி என்ன பிரயோஜனம்? குறை எழுதிப் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறதாம். என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும். மூன்றுதான் எழுதலாம். பிடித்தது, பிடிக்காதது, அப்பா சொன்ன தீர்ப்பு, எதற்கும் அங்கே இடமில்லை. ஆகவே அவள் எழுதினாள்: மணியை அடித்தேன். படகுக்காரர் வரவில்லை. வந்திருக்க வேண்டும். மறுநாள் பதில் வந்தது: இது குறை அல்ல, திட்டமிட்டபடியே இருக்கிறது. வேறு மாதிரி எழுதினாள். படகுக்காரர் இல்லாமல் அக்கரை சேர்ந்துவிட்டேன், காத்திருந்திருக்க வேண்டும். திட்டமிட்டபடியே. மூன்றாவது தடவை, இடையில் பத்து நிமிஷம் காணாமல் போயிருக்கிறது என்று எழுதினாள். மேலதிகாரி கூப்பிட்டு, வேலையில் கவனம் வை என்றாராம். அதற்குப் பிறகும் ஒரு தடவை எழுதினாள்.

“என்னன்னு?” என்றார் ஷங்கர்.

“அக்கரைக்கு வந்துட்டேன். ஒண்ணும் பேச முடியல்லைன்னு.”

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. “அந்த வேலை என்னத்துக்கடீ உனக்கு? விட்டுட்டு வா,” என்றேன்.

“விட்டாலும் மூணு வருஷம் வாயைத் தொறக்கப்படாது, மன்னி. அதுக்கும் ஒப்பு வாங்கியிருக்கா. உள்ளே இருந்தா இன்னொரு தடவையாவது எழுதிப் போடலாம். வெளியிலே வந்தா அதுவும் இல்லை.”

பள்ளிக்கூடத்தில் எந்தக் கணக்குக்கும் விடை இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதற்கு இல்லை.

அன்றைக்கு மாட்டிக்கொண்டது அதிதி மட்டும் என்று நினைத்தேன். மறுவாரம் ரோஹனைப் பார்த்தபோது தெரிந்தது, அவனும்தான். அவன் சேனலுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய செய்தி அவன் தொண்டையில் நிற்கிறது. வெளியில் விட்டால் எங்கிருந்து வந்தது என்று தேடி நேரே இந்த வீட்டுக்கு வருவார்கள். ஊமை கண்ட கனவு. தொண்டை சரியில்லை என்று சொல்லி ஒரு வாரம் வீடியோ போடாமல் இருந்தான். பிறகு ஆட்கள் கேட்கக் கேட்கப் போட்டான். “கூட்டுகாரே, படகு உண்டாகும், பிரதீக்ஷ விடண்டா” என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னதைப் பார்த்தேன். நம்பிக்கையை விடாதீர்களாம். சின்ன வயதிலிருந்து அவனைத் தெரிந்த ஷங்கர் அந்த வீடியோவைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஆயிரக்கணக்கான பேர் கீழே நன்றி எழுதியிருந்தார்கள்.

அதிதி இப்போதும் காலையில் கிளம்புகிறாள். மட்டாஞ்சேரியில் வாட்டர் மெட்ரோப் படகு பிடித்து, பிறகு ரயில் பிடித்து, வைட்டிலாவில் இன்னொரு படகு ஏறிக் காக்கநாடு போகிறாள். நிஜப் படகில் கூட்டத்தில் எல்லோரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். சிலர் ரோஹனின் வீடியோவைப் பார்ப்பதைத் தோளுக்கு மேல் பார்த்திருக்கிறாள். வாய் வரை வரும், விழுங்கிவிடுவேன் என்றாள். ஆபீஸில் சுவரில் முட்டுகிறாள். ஐந்தாவது தடவை எழுதினாளா என்று நான் கேட்கவில்லை. படகில் யாராவது கேட்டுக்கொள்ளட்டும். மாமியார் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார். பாங்கில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு ஒரு நல்ல ஜாதகம் வந்திருக்கிறதாம்.

சனிக்கிழமை மட்டும் நிற்கவில்லை. நாலாம் பாகத்தில் இன்னும் கொஞ்சம் கதைதான் மிச்சம். இறங்கி ஊருக்குள் நடந்தால் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும். முடிந்தால் அடுத்தது ஐந்து. அதனால் அண்ணனும் தங்கையும் முடிப்பதில்லை. அக்கரை சேர்ந்ததும் திரும்பி நின்று மணியை அடிக்கிறார்கள். இக்கரை வந்ததும் திரும்ப அடிக்கிறார்கள். பேச ஏதாவது இருந்தால் பேசுகிறார்கள், இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தாடிக்கார மனுஷர் முகம் சுளிக்காமல் துடுப்புப் போடுகிறார்.

போன வாரம் காப்பி கொண்டுபோனபோது, கதைப்படி அக்கரைத் தீவில் ஒரு குழந்தை மருந்துக்குக் காத்திருக்கிறதே, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதிதி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“காத்திண்டுதான் இருக்கும், மன்னி. நாங்க எறங்கினாத்தானே?”